உங்கள் பேக்கப் ‘எக்ஸ்-’ கட்டளையை நம்பி ஓடுகிறதா? இன்றே பாருங்கள்

நாங்கள் நடத்துவது ஒரு அச்சகம். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், நோட்டீஸ் இவைதான் தொழில். கணக்கும் டிசைன் ஃபைல்களும் ஒரே சர்வரில், அதற்குள் மென்பொருளால் உருவாக்கி ஓட்டும் ஒரு மெய்நிகர் கணினியில் இருந்தன. சர்வரை அமைத்துக் கொடுத்து வருடாந்திரப் பராமரிப்பும் பார்த்தது ஒரு வெளி நிறுவனம். பெயர் வேண்டாம். என்ன செய்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

2025 மார்ச் 15 அன்று சர்வரின் இயங்குதளமான உபுண்டு 20.04-ஐ 22.04-க்கு மாற்றினார்கள். பழையதற்கான வழக்கமான ஆதரவு மே மாதத்தோடு முடிகிறது என்றார்கள், அது உண்மைதான். பேக்கப் சரியாக ஓடுமா என்று கேட்டேன். மறுநாள் ஃபோல்டரைத் திறந்து காட்டினார்கள். புதுத் தேதியோடு ஃபைல் இருந்தது. நானும் நம்பினேன்.

ஏப்ரல் 25 காலையில் சர்வரின் எஸ்.எஸ்.டி. போய்விட்டது. பேக்கப் தனி ஹார்ட் டிஸ்க்கில் இருந்ததால் பதறவில்லை. முந்தைய இரவின் ஃபைலை ஏற்றினோம். கணக்கில் கடைசி பில் மார்ச் 14. சரி, ஏதோ தவறு என்று அதற்கு முந்தைய ஃபைலை ஏற்றினோம். அதிலும் மார்ச் 14. அப்புறம் 41 ஃபைல்களுக்கும் ஷா-256 (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரியான எண்வரிசை) எடுத்துப் பார்த்தேன். திரையில் ஒரே எண்வரிசை மேலிருந்து கீழ்வரை 41 முறை வந்தது. பெயரில் இருந்த தேதி மட்டும்தான் மாறியிருந்தது.

லாக் ஃபைலைத் திறந்தால், மாற்றம் செய்த அன்றிரவிலிருந்து தினமும் ஒரே வரி: ‘எக்ஸ்-பிளாக்டெவ்-ரீஓப்பன்’ என்ற கட்டளையே இல்லை.

இது மெய்நிகர் கணினியை ஓட்டும் க்யூஎமு மென்பொருளின் கட்டளை. ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினியை நிறுத்தாமல், அதன் வட்டு எந்த அடிக்கோப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதை மாற்ற உதவுவது. 2019-இல் 4.0 பதிப்பில் வந்தது. பெயருக்கு முன்னால் ‘எக்ஸ்-’ போட்டதற்குக் காரணம் உண்டு: இது சோதனையில் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் மாறும் அல்லது காணாமல் போகும் என்று அர்த்தம். நிலையான வசதி ஒன்றை நீக்குவதென்றால் முன்கூட்டியே அறிவித்து இரண்டு பதிப்புகளாவது வைத்திருப்பார்கள். சோதனைக் கட்டளைக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. 2021-இல் 6.1 பதிப்பில் இது ‘பிளாக்டெவ்-ரீஓப்பன்’ என்று நிலையானது. ‘எக்ஸ்-’ போயிற்று, கொடுக்க வேண்டிய தகவலின் அமைப்பும் மாறியது. உபுண்டு 20.04-இல் இருப்பது க்யூஎமு 4.2. 22.04-இல் இருப்பது 6.2. பழைய பெயரில் கூப்பிட்டால் கிடைக்காது.

க்யூஎமுவை எழுதியவர்கள் ‘எக்ஸ்-’ என்ற லேபிளை ஒட்டித்தான் கொடுத்தார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்களுக்கு விற்றவர்கள்தான் அதை மறைத்தார்கள். பேக்கப் எடுக்கும் கட்டளைகளை எழுதி வைத்த ஸ்கிரிப்ட்டில் அந்த வரிக்கு மேலேயே, இது சோதனைக் கட்டளை, பிறகு மாற்ற வேண்டும் என்று அவர்களுடைய ஆளே குறிப்பு எழுதியிருக்கிறார். வரியின் முடிவில், பிழை வந்தாலும் கண்டுகொள்ளாமல் தொடரச் சொல்லும் துண்டு. அதனால் அடிக்கோப்பு மாறாமலேயே நகலெடுக்கும் வேலை மட்டும் தினமும் நடந்தது. பழைய அடிக்கோப்பே புதுத் தேதியோடு போய்ச் சேர்ந்தது. தெரிந்தே செய்த வேலைக்கு எங்களிடம் ‘முழுப் பாதுகாப்பு’ என்று சொல்லிப் பணம் வாங்கியிருக்கிறார்கள். கேட்டபோது கிடைத்த பதில்: “சார், இது இலவச மென்பொருள், அதற்கு நாங்கள் பொறுப்பேற்க முடியாது.”

உங்கள் சர்வரை வேறொருவர் பார்த்துக்கொள்கிறார் என்றால் ஸ்கிரிப்ட்டை வாங்கி, ‘எக்ஸ்-’ என்று தொடங்கும் கட்டளை இருக்கிறதா என்று தேடுங்கள். அது மட்டும் போதாது. க்யூஎமு 6.2 பதிப்பிலிருந்து சோதனைக் கட்டளைகளுக்கு ‘அன்ஸ்டேபிள்’ (நிலையற்றது) என்ற தனி அடையாளம் வந்துவிட்டது, பெயரில் ‘எக்ஸ்-’ இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. ‘கம்பேட்’ என்ற விருப்பம் 6.0 பதிப்பிலேயே வந்தது. அதில் 6.2-இல் சேர்ந்த ‘அன்ஸ்டேபிள்-இன்புட்’ என்பதற்கு ‘ரிஜெக்ட்’ கொடுத்தால் இப்படிப்பட்ட கட்டளைகளை க்யூஎமு ஏற்காது. நாமாகக் கொடுக்காவிட்டால் ஏற்றுக்கொள்ளும். க்யூஎமுவை நிர்வகிக்கும் லிப்வெர்ட் என்ற மென்பொருள் வழியாக ஓட்டுபவர்கள் அந்தக் கணினியின் லாக்கில் ‘டெயின்டட்: கஸ்டம்-மானிட்டர்’ என்ற வரி இருக்கிறதா பாருங்கள். லிப்வெர்ட்டைத் தாண்டி யாரோ நேரடியாகக் கட்டளை அனுப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எங்கள் லாக்கில் அது முதல் நாளிலிருந்தே இருந்தது. பேக்கப் ஃபைலைக் கண்ணால் பார்த்துத் திருப்தியடையாதீர்கள், மாதம் ஒருமுறையாவது வேறொரு கணினியில் ஏற்றிக் கடைசிப் பதிவைப் பாருங்கள்.

எங்களுக்குப் போனது சித்திரை, வைகாசி முகூர்த்த வேலைகள் முழுவதும். ஒரு பத்திரிகைக்கு மட்டும் மார்ச் 10-ஆம் தேதி எடுத்த முதல் புரூஃப் கிடைத்தது. அதன் பிறகு அந்த வீட்டுத் தாத்தா காலமாகி, அவர் பெயருக்கு முன் ‘தெய்வத்திரு’ சேர்த்துத் திருத்தியிருந்தோம். மீண்டு வந்த ஃபைலில் அந்தச் சொல் இல்லை. பிளேட் போடுவதற்கு முன் எங்கள் டிசைனர் அக்காவுக்கு ஞாபகம் வந்ததால் தப்பித்தோம். பராமரிப்புப் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் கொடுத்திருக்கிறேன். இதுவரை பதில் வரவில்லை.