எம்எக்ஸ் பிளஸ் சி மட்டும் போதுமா?

நேர்க்கோட்டுக்குச் சமன்பாடு கேட்டால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வாயில் முதலில் வருவது 'ஒய் ஈக்வல் டு எம்எக்ஸ் பிளஸ் சி'தான். அதற்கு அவ்வளவு மரியாதை தகுமா? ஒரே ஒரு கோட்டை வைத்துப் பார்ப்போம்: 3எக்ஸ் + 4ஒய் = 12.

எம்எக்ஸ் பிளஸ் சி என்னும் சாய்வு-வெட்டுத்துண்டு வடிவில் (எம் சாய்வு, சி ஒய் அச்சை வெட்டும் இடம்) இது ஒய் = −(3/4)எக்ஸ் + 3. வலப்பக்கம் நான்கு கட்டம் போனால் மூன்று கட்டம் இறங்குகிறது, ஒய் அச்சை 3-இல் வெட்டுகிறது. பார்த்ததுமே தெரிந்துவிடும். இன்னொரு கோடு இதற்கு இணையா என்பதும் அப்படித்தான். பின்னம் ஒட்டிக்கொள்வது ஒன்றுதான் தொல்லை.

படம் வரைய வேண்டுமா, வெட்டுத்துண்டு வடிவம்: எக்ஸ்/4 + ஒய்/3 = 1. (4, 0), (0, 3) இரண்டையும் குறித்து ஸ்கேலை வைத்தால் முடிந்தது. அச்சுகளோடு உண்டாகும் முக்கோணத்தின் பரப்பு 6 என்பது மனக்கணக்கு. ஆனால் சீக்கிரம் காலை வாருவதும் இதுவே. ஒய் = 2எக்ஸ் ஆதிப்புள்ளி வழியே போவதால் 0-ஆல் வகுக்க வேண்டிவரும். அச்சுகளுக்கு இணையான கோடுகளுக்கும் இதில் இடமில்லை.

(4, 1), (4, 7) வழியே போகும் கோட்டுக்குச் சாய்வு 6/0. எம்எக்ஸ் பிளஸ் சி அங்கே படுத்துவிடும். கோடோ எக்ஸ் = 4 என்று சாதுவாக நிற்கிறது. (எக்ஸ் அச்சின் சமன்பாடு ஒய் = 0. அதை எக்ஸ் = 0 என்று எழுதி மதிப்பெண்ணை விடுகிறவர்கள் இன்றும் உண்டு.)

பொது வடிவம், அதாவது ஏஎக்ஸ் + பிஒய் + சி = 0, எந்தக் கோட்டையும் தள்ளிவிடாது. எக்ஸ் = 4, ஒய் = 2 இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்து என்பது கண்ணுக்கே தெரிகிறது; 'சாய்வுகளின் பெருக்கல் −1' விதியால் அதை நிறுவ முடியாது, ஒரு சாய்வே இல்லையே! பொது வடிவிலோ எக்ஸ் கெழுக்களின் பெருக்கலையும் ஒய் கெழுக்களின் பெருக்கலையும் கூட்டினால் 1×0 + 0×1 = 0, தீர்ந்தது. அதனால் விடையை இதில் எழுதி வைப்பதே என் பழக்கம். குறையும் உண்டு: முகத்தைப் பார்த்து எதையும் படிக்க முடியாது. 6எக்ஸ் + 8ஒய் − 24 = 0 என்பதும் நம் பழைய கோடேதான். 3எக்ஸைப் பார்த்துச் சாய்வு 3 என்று எழுதுகிறவர்கள் விழுவதும் இந்தக் குழியில்தான்.

3எக்ஸ் + 4ஒய் = 12 என்பதையே 5-ஆல், அதாவது √(3² + 4²)-ஆல், வகுத்தால் செங்குத்து வடிவம்: (3/5)எக்ஸ் + (4/5)ஒய் = 2.4. ஆதிப்புள்ளியிலிருந்து கோட்டின் தூரம் 2.4. பள்ளியில் இதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஆனால் படங்களில் நேர்க்கோடுகளைக் கண்டுபிடிக்கும் முறைக்கு 1962-இல் காப்புரிமை பெற்ற பால் ஹஃப், சாய்வையும் வெட்டுத்துண்டையும்தான் பயன்படுத்தினார். கோடு நிமிர நிமிரச் சாய்வு எல்லையின்றி ஏறியது. 1972-இல் டூடா, ஹார்ட் இருவரும் செங்குத்து வடிவுக்கு மாற்றினார்கள்: ஆதிப்புள்ளியிலிருந்து கோட்டுக்கு வரையும் செங்குத்தின் கோணம் 180 டிகிரிக்குள் அடங்கியது, தூரம் படத்தின் மூலைவிட்டத்தைத் தாண்டவில்லை.