பென்டியம் 2020எம் லேப்டாப்பில் ஐ5-3320எம், 8 ஜிபி ரேம்: போடலாமா?

இரண்டும் 35 வாட் பிராசஸர் சிப்தான், சூட்டை வெளியேற்றும் பழைய ஹீட்சிங்க்கே போதும். பென்டியத்தில் 2 கோர், 2 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை), 2.4 கிகாஹெர்ட்ஸ்; ஐ5-இல் 4 த்ரெட், டர்போவில் (தேவைப்படும்போது தானாகக் கூடும் வேகம்) 3.3 வரை. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

ஆனால் வாங்குவதற்கு முன் சிபியு-இசட் (ஹார்டுவேர் விவரம் காட்டும் மென்பொருள்) திறந்து மெயின்போர்டு பக்கம் பாருங்கள். சவுத்பிரிட்ஜ் (போர்டிலுள்ள துணை சிப்செட்) எச்எம்70 என்றிருந்தால் ஆசையை விட்டுவிடுங்கள். ஐ5 போட்டால் விண்டோஸ் வரும், எல்லாம் ஓடும், சரியாக அரை மணி நேரத்தில் பொட்டென்று அணைந்துவிடும். இது ஹீட் பிரச்சினை அல்ல. எச்எம்70 செலரான், பென்டியத்தை மட்டுமே ஏற்கும். சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றிப் பயனில்லை. எச்எம்76 என்றால் தைரியமாகப் போடலாம். பெயர் 'யு' என்று முடியும் சிப் போர்டோடு சால்டர் செய்தது, கழற்ற முடியாது.

பயாஸை (லேப்டாப்பைத் தொடக்கும் போர்டு மென்பொருள்) முதலில் அப்டேட் செய்துவிட்டு பேட்டரியைக் கழற்றுங்கள். ஹீட்சிங்க் ஸ்க்ரூவை எண் வரிசைக்குத் தலைகீழாகத் தளர்த்த வேண்டும். சாக்கெட் ஸ்க்ரூ அரைத் திருப்பு போதும். மூலையிலுள்ள முக்கோணக் குறி பொருந்தினால் சிப் தானாக உட்காரும். அழுத்தினால் பின் வளையும். பேஸ்ட் ஓர் அரிசி அளவு.

ரேமில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மலிவான 8 ஜிபி ஸ்டிக்கில் 8 மெமரி சிப் மட்டும் இருந்தால் இந்தத் தலைமுறை இன்டெல் எடுக்காது, ஸ்கிரீன் கறுப்பாகவே நிற்கும். 16 சிப் வேண்டும். இரண்டு 4 ஜிபி போடுவது இன்னும் நல்லது, டூயல் சேனலில் (இரண்டு ஸ்டிக்கும் சேர்ந்து இயங்குவது) கிராஃபிக்ஸுக்கும் வேகம் கிடைக்கும். பட்ஜெட் ஒன்றுக்குத்தான் என்றால் ரேமையே வாங்குங்கள்.