டார்ன் ஆற்றோரமா, மெஜான் மேட்டுநிலமா?

தெற்கு பிரான்சின் டார்ன் பள்ளத்தாக்குக்குச் சைக்கிளோடு போனால் ஆற்றோரமும் ஓட்டலாம், மேலே மெஜான் மேட்டுநிலத்திலும் ஓட்டலாம். லெ ரோசியேயிலிருந்து சேன்ட்-எனிமி வரை ஆற்றை ஒட்டிய சாலை சுமார் 35 கி.மீ. பெரிய ஏற்றம் கிடையாது. வழியில் லெ வீஞ், லா மலேன் ஊர்களில் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம். தொல்லை, ஜூலை-ஆகஸ்டின் கேரவன் நெரிசலும் பாறையைக் குடைந்த சுரங்கப்பாதைகளும்தான். வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் சில நொடி கண் தெரியாது. பின்விளக்கு பகலிலும் எரியட்டும்.

மெஜான் முற்றிலும் வேறு உலகம். லா மலேனிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் உயரம் சுமார் 400 மீட்டர் கூடும். கியரின் பல்சக்கரத்தில் முன்னால் 34, பின்னால் 32 பல் இருந்தால் முழங்கால் தப்பும். மேலே சுண்ணாம்புப் பாறை மழைநீரை அப்படியே உறிஞ்சிவிடுவதால் ஓடையே இல்லை. 750 மி.லி. பாட்டில் இரண்டைக் கீழேயே நிரப்புங்கள். மரம் குறைவு, எதிர்காற்று கால்களைப் பிழிந்துவிடும். சொரசொரப்பான தாருக்கு 28 மி.மீ. டயர் நல்லது.

இறக்கத்தில்தான் கவனம் வேண்டும். ரிம் பிரேக்கை (சக்கர விளிம்பை அழுத்தி நிறுத்தும் பிரேக்) விடாமல் பிடித்தால் ரிம் சூடேறி, டியூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து, விட்டுவிடுங்கள்.

ஒரே நாள்தான் என்றால், ஜூனில் மெஜான். அந்தப் புல்வெளியின் அமைதி ஆற்றோரச் சாலையில் கிடைக்காது.