பால்வாடியா, அரசுப் பள்ளி எல்கேஜியா, 25 சதவீத இடமா?

வீட்டில் மூன்று வயதை நெருங்கும் பிள்ளை இருக்கிறது, கட்டணம் கட்ட வழியில்லை அல்லது விருப்பமில்லை. தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட பெற்றோருக்கு மூன்று வாசல்கள் உண்டு: அங்கன்வாடி, அரசு நடுநிலைப் பள்ளி வளாகத்து எல்கேஜி, கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் கிடைக்கும் 25 சதவீத இடம். மூன்றுமே இலவசம். ஒற்றுமை அத்தோடு சரி.

ஊர்ப்பக்கம் இன்னும் பால்வாடி என்றே சொல்லும் அங்கன்வாடியில் இரண்டு வயது முடிந்ததும் விடலாம். குலுக்கல் கிடையாது, வருமானச் சான்று கேட்க மாட்டார்கள், கடைசித் தேதியும் இல்லை. மதியம் சூடான சாப்பாடு, வாரத்தில் 3 நாள் முட்டை, மாதாமாதம் எடை பார்ப்பது என்று உடம்பைக் கவனிப்பதில் மற்ற இரண்டும் இதன் பக்கத்தில்கூட வர முடியாது. "அங்கே சோறுதான், படிப்பு இல்லை" என்று சொல்பவர்களோடு எனக்குப் பாதிதான் உடன்பாடு. மூன்று வயதுக்குப் பாட்டும் கதையும் மணி கோக்கிறதும்தான் படிப்பு. ஆனால் அதை நடத்த வேண்டிய டீச்சருக்குக் கர்ப்பிணிகள் கணக்கு, சத்துமாவு கணக்கு, செல்போன் செயலியில் பதிவேற்றம் என்று வேலை குவிந்து கிடக்கிறது. அதனால் மையத்துக்கு மையம் வித்தியாசம் அதிகம். சேர்க்கும் முன் காலை பதினொரு மணி வாக்கில் சொல்லாமல் போய் எட்டிப் பாருங்கள். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து கைதட்டிப் பாடுகிறார்களா, இல்லை ஆயா அடுப்படியிலும் டீச்சர் போனிலும் இருக்க, சுவரோரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களா? கழிப்பறையையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

அரசுப் பள்ளி எல்கேஜி 2019 ஜனவரியில், நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் தொடங்கியது. 2022 ஜூனில் நிறுத்தப்போவதாகச் செய்தி வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே முடிவு மாறியது. அப்போது தற்காலிக ஆசிரியர்களுக்குப் பேசிய மதிப்பூதியம் மாதம் 5,000 ரூபாய். இந்தச் சம்பளத்துக்கு ஒருவர் எத்தனை நாள் நிலைப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் இருந்தால் மூன்றில் இதுவே எனக்குப் பிடித்தது: மதியச் சாப்பாடும் உண்டு, பாடம் நடத்த மட்டும் ஓர் ஆளும் உண்டு, ஒன்றாம் வகுப்பு அதே வளாகத்தில். ஆசிரியர் இல்லையென்றால் அது அங்கன்வாடியேதான், பெயர்ப்பலகை மட்டும் வேறு.

அப்புறம் 25 சதவீத இடம். எல்லாரும் ஓடுவது இதற்குத்தான். பிள்ளைக்கு ஜூலை 31-க்குள் மூன்று வயது முடிந்திருக்க வேண்டும், வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். நலிவடைந்த பிரிவில் விண்ணப்பிக்க ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் என்று தாசில்தார் சான்று வேண்டும். எஸ்சி, எஸ்டி, பிசி, எம்பிசி பிள்ளைகளுக்கு வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் வருமான வரம்பு இல்லை. இது தெரியாமலே பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்த ஒதுக்கீடு பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் தெருமுனை கான்வென்ட் பட்டியலிலேயே இல்லாமல் போகலாம். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்.

கிடைத்துவிட்டால் எட்டாம் வகுப்பு வரை கட்டணம் இல்லை. இதன் உண்மையான மதிப்பு அந்தப் பத்து வருடத்தில்தான் இருக்கிறது, எல்கேஜியில் இல்லை. மூன்று வயதுக் குழந்தையைக் கோடு போட்ட நோட்டில் எழுத வைத்து, வீட்டுப்பாடமும் கொடுத்து அனுப்பும் பள்ளி அங்கன்வாடியைவிட நல்லது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சாப்பாடு வீட்டிலிருந்துதான் போக வேண்டும். வேன் வைத்தால் அது உங்கள் செலவு. புத்தகம், சீருடை, 'ஆக்டிவிட்டி' என்று பள்ளி ஏதாவது கேட்குமா என்பதை ஏற்கெனவே அங்கே பிள்ளை படிக்கும் பெற்றோரிடம் விசாரியுங்கள், அலுவலகத்தில் அல்ல. ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணம் காத்திருக்கும். அங்கிருந்து அரசுப் பள்ளிக்கு மாறிப் பன்னிரண்டு வரை படித்தால், மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு அந்தப் பிள்ளையும் தகுதி பெறும். 2020 சட்டத்திலேயே அது இருக்கிறது.

தேதியை மட்டும் முழுசாக நம்பாதீர்கள். 2024-இல் விண்ணப்பம் ஏப்ரல் 22 முதல் மே 20 வரை ஒழுங்காக நடந்தது. 2025-இல் மத்திய நிதி இழுபறியில் சேர்க்கை அக்டோபருக்குப் போய்விட்டது.

என்னைக் கேட்டால், இரண்டு வயதில் அங்கன்வாடியில் விட்டுவிட்டு, மூன்றில் 25 சதவீதத்துக்கும் விண்ணப்பம் போட்டு வைப்பேன். ஒன்று இன்னொன்றைத் தடுப்பதில்லை. குலுக்கலில் பெயர் வராவிட்டால், ஆசிரியர் இருக்கும் அரசு எல்கேஜி. வருமானச் சான்று, சாதிச் சான்று இரண்டையும் மார்ச் மாதமே இ-சேவை மையத்தில் பதிந்துவிடுங்கள். ஒதுக்கீடு நுழைவு வகுப்புக்கு மட்டும்தான். எல்கேஜியில் தொடங்கும் பள்ளியில் அந்த வருடத்தைத் தவறவிட்டால், ஒன்றாம் வகுப்பில் போய்க் கேட்க முடியாது.