பிடிஎஸ்டி கோச் ஆப் - ரெண்டு மாசம் யூஸ் பண்ணப்புறம்

கூட பட்டாளத்துல சர்வீஸ்ல இருந்த பையன் ஒருத்தன் இந்த ஆப்போட லிங்க் அனுப்பினான், சரி பாப்போமேன்னு போட்டேன். பிடிஎஸ்டின்னா போர், விபத்து மாதிரி பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் மனசை விட்டுப் போகாம நிக்கிற பாதிப்பு, அதை சமாளிக்கத்தான் இந்த ஆப். அமெரிக்காவுல முன்னாள் படைவீரர்களுக்கான துறை 2011ல கொண்டு வந்தது, காசு கிடையாது, லாகின் கேக்காது. அது பெரிய விஷயம்ங்க, பேர் வெளிய தெரிஞ்சா நாலு பேர் என்ன நினைப்பாங்கன்னே நம்மாளுங்க பாதி பேர் இந்த பக்கம் வர்றதில்ல.

உள்ள 20 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 4 வரைக்கும் மார்க் போடணும், கெட்ட கனவு வருதா, சத்தம் கேட்டா தூக்கிவாரிப் போடுதா, இப்படி. அப்பப்ப போட்டு வெச்சா ஏறுதா இறங்குதான்னு கிராஃப் காட்டும். ராத்திரி 2 மணிக்கு சென்ட்ரி, அதான் காவல் ஆள், மாத்துற நேரம் மாதிரி எனக்கு தானா முழிப்பு வந்துடும், அப்ப அந்த மூச்சுப் பயிற்சியை போட்டா நெசமாவே படபடப்பு குறையுது, எவ்வளவு கஷ்டமா இருக்குன்னு 10க்கு மார்க் போட சொல்லும், முன்னாடி 8னு போட்டது முடிச்சப்புறம் 5க்கு வந்துருக்கும். தமிழ்ல கிடையாது, அவசர உதவி நம்பரும் அமெரிக்காவுக்கு உள்ளது, மத்தவங்க அவங்கவங்க ஊர் நம்பரை தனியா சேவ் பண்ணிக்கோங்க.

நான் மாட்டிக்கிட்டது வேற எடத்துல. கஷ்டமான நேரத்துல யாரை கூப்பிடுவீங்க, போன்ல இருந்து சேருங்கன்னு ஒரு பக்கம் வரும். கை அப்படியே நின்னுடுச்சு. 17 வருஷம் பத்து பேரோட ஒரே ரூம்ல படுத்து எந்திரிச்சவன், எவன் கொறட்டை எதுன்னு இருட்டுல சொல்லுவேன், இப்ப காண்டாக்ட்ல 400 பேர் இருக்காங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு கூப்பிட ஒருத்தன் பேரு வர மாட்டேங்குது. வீட்ல பாசமாத்தான் இருக்காங்க, இல்லேன்னு சொல்லல, ஆனா அங்க நான் எந்திரிக்கலேன்னா இன்னொருத்தன் தூங்க முடியாது, இங்க நான் எந்திரிச்சாலும் எந்திரிக்கலேன்னாலும் எல்லாம் அதுபாட்டுக்கு நடக்குது. அதுக்கு ஆப்ல பட்டன் இல்ல, இருக்கவும் முடியாது, டாக்டருக்கு பதிலா இதை வெச்சுக்காதீங்கன்னு அவங்களே போட்டுருக்காங்க.

கடைசில லிங்க் அனுப்பினவன் பேரையே சேத்தேன். சேக்கும்போது அவனுக்கு ஏன் இந்த ஆப் தெரிஞ்சுருந்ததுன்னு அப்பதான் உறைச்சது, உடனே கூப்பிட்டேன், ஒரு மணி நேரம் பேசினோம்.

5க்கு 4. போடுறவங்க முதல்ல அந்த காண்டாக்ட் பக்கத்தை ரொப்புங்க, கிராஃப் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.