ஒரு பக்க அடைப்பா, ரெண்டு பக்க அடைப்பா?

காங்கேயத்துல எங்க மாமனுக்கு ஒரு கிட்னில மட்டும் கல்லு மூத்திரக் குழாய அடைச்சிருக்குங்க, கிரியாட்டினின் (கிட்னி வடிகட்டி வெளிய தள்ளற ரத்தக் கழிவு) நார்மல்னு ரிப்போர்ட்ட மடிச்சு சட்டப்பையில வெச்சுட்டு தோட்டத்துக்கு தண்ணி கட்ட போயிட்டாரு, இன்னொரு கிட்னி சேத்து ஒழைச்சதுனால வெளிய தெரியல, எனக்கு இந்த சத்தமில்லாத ஒரு பக்கம்தான் பயமே. ரெண்டு பக்கமும் அடைச்சா கிரியாட்டினின் மளமளன்னு ஏறிருமுங்க.

எலி ஆராய்ச்சில ரெண்டு வகை அடைப்புலயுமே கிட்னில காக்ஸ்-2ங்கற, வீக்கத்தோட சம்பந்தப்பட்ட என்சைம் கூடுது, உப்ப திருப்பி இழுக்க ஒதவற பம்பு மாதிரியான சோடியம் பொட்டாசியம் ஏடிபேஸ் என்சைம் கொறையுது, தண்ணிய திருப்பி இழுக்கற அக்வாபோரின்-2ம் கொறையுது (அது என்சைம் இல்லீங்க, மடை மாதிரி). ரெண்டு பக்கமும் அடைச்ச எலிக்கு காக்ஸ்-2வ அடக்கற மருந்து குடுத்தப்ப அக்வாபோரின் அவ்வளவா கொறையல.

அடைப்ப எடுத்த பொறவுதான் வித்தியாசம், ரெண்டு பக்கம்னா லிட்டர் கணக்குல மூத்திரம் கொட்டும், ஒரு பக்கத்துல அது அபூர்வமுங்க.