கழிவுமேட்டின் கீழே மூன்று ஆண்டுகள்: செடிகளால் மண்ணை மீட்கும் சேவை பற்றிய மதிப்பீடு

கைவிடப்பட்ட ஈய, துத்தநாகச் சுரங்கம் ஒன்றின் கழிவுமேட்டுக்குக் கீழே எங்கள் குடும்ப நிலம் இருக்கிறது. மழையில் மேட்டிலிருந்து கரைந்து வரும் வண்டலும், வறண்ட மாதங்களில் பறந்து வரும் தூசியும் ஆண்டுக்கணக்கில் படிந்ததில், ஈயம், துத்தநாகம், காட்மியம் மூன்றும் அங்கே விளைந்ததை உண்ணக்கூடாது என்னும் அளவுக்கு மேல்மண்ணில் சேர்ந்துவிட்டன. அந்த மண்ணை வெட்டி அப்புறப்படுத்துவது எங்கள் சக்திக்கு மீறியது என்பதால், செடிகளைக் கொண்டு மண்ணை மீட்டுத் தரும் ஒரு நிறுவனத்திடம் பணியை ஒப்படைத்தோம்.

முதலில் பாராட்ட வேண்டியது அவர்கள் செய்த மண் பரிசோதனையை. நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து மாதிரி எடுத்தார்கள். மொத்த உலோக அளவோடு நின்றுவிடாமல், அதில் வேர் உறிஞ்சக்கூடிய பங்கு எவ்வளவு என்பதையும் தனியே அளந்தார்கள். இந்த இரண்டாவது அளவு இல்லாத அறிக்கையை யாரும் ஏற்க வேண்டாம் என்பேன். ஏனெனில் ஈயம் மண்துகள்களோடு இறுகப் பிணைந்து கிடப்பதால் செடிக்குக் கிடைப்பது சொற்பமே. காட்மியமும் துத்தநாகமும் அமில மண்ணில் எளிதில் கரைந்து வேருக்குள் போய்விடும்.

மேட்டை ஒட்டிய சரிவில் அவர்கள் செய்த வேலை மிகச் சிறப்பானது. கழிவிலுள்ள பைரைட் என்னும் இரும்பு, கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டு அமிலத்தை உண்டாக்கிக்கொண்டே இருந்ததால், முதலில் சுண்ணாம்பும் மட்கிய எருவும் இட்டு மண்ணின் அமிலத்தைத் தணித்து, அதன் பிறகே சமமட்ட வரிசைகளில் வெட்டிவேரை நெருக்கமாக நட்டார்கள். வெட்டிவேர் தான் எடுக்கும் உலோகத்தின் பெரும்பகுதியை வேரிலேயே வைத்துக்கொண்டு இலைக்குச் சிறிதளவே அனுப்புகிறது. ஆழமாக இறங்கும் அதன் வேர்கள் சரிவை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. இரண்டாம் ஆண்டு மழையிலேயே கீழ்வயலுக்கு வண்டல் வருவது கண்கூடாகக் குறைந்தது, தூசியும் அடங்கியது. இதற்காக மட்டுமே அவர்களை அமர்த்தியிருந்தாலும் மனநிறைவு கொண்டிருப்பேன்.

குறை, அவர்கள் கொடுத்த வாக்குறுதியில் இருக்கிறது. மூன்றே ஆண்டுகளில் நிலம் முழுமையாகச் சுத்தமாகும் என்றார்கள். இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு ஹெக்டேரில் 20 செ.மீ. ஆழமுள்ள மேல்மண் சுமார் 2,600 டன் எடை இருக்கும். அதில் காட்மியத்தைக் கிலோவுக்கு 1 மில்லிகிராம் குறைக்க வேண்டுமானால் 2.6 கிலோ காட்மியத்தை வெளியேற்ற வேண்டும். காட்மியத்தை மிகையாகச் சேர்க்கும் தாவரம் என்று அழைக்கப்பட உலர்ந்த இலையில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது வழக்கமான வரையறை. அப்படிப்பட்ட செடி ஆண்டுக்கு 5 டன் உலர்ந்த விளைச்சல் தந்தாலும் வெளியேறுவது அரைக் கிலோதான். அதாவது அந்த 1 மில்லிகிராமுக்கே ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். சீனாவின் பழைய ஈய, துத்தநாகச் சுரங்கப் பகுதியில் கண்டறியப்பட்ட செடம் ஆல்ஃப்ரெடியைத்தான் எங்கள் கீழ்வயலில் நட்டார்கள். அது 100 மில்லிகிராமைத் தாண்டியும் சேர்க்கும் நல்ல செடி. ஆனாலும் மூன்று ஆண்டு என்பது அதற்கும் எட்டாத இலக்கு. இந்தக் கணக்கை முதல் நாளே அவர்கள் எங்களுக்குக் காட்டியிருக்க வேண்டும்.

அவர்களது விளக்கப் புத்தகத்தில் ஆர்செனிக்கை உறிஞ்சும் என 2001இல் அறியப்பட்ட டெரிஸ் விட்டாட்டா பெரணியும், நிக்கல் நிறைந்த நீலப்பச்சைப் பால் வடியும், பசிபிக் தீவான நியூ கலிடோனியாவின் மரமும் இடம்பெற்றுள்ளன. இரண்டும் வியப்புக்குரியவை என்றாலும், ஈயம் படிந்த நிலத்துக்காரருக்கு அவற்றால் பயனில்லை.

ஈயத்தைக் கரைத்துக் கடுகுச் செடிக்கு ஊட்ட, உலோகத்தைப் பிடித்துக் கரையச் செய்யும் ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளை இடலாம் என்று அவர்கள் முன்மொழிந்ததை நாங்கள் ஏற்கவில்லை. கரைந்த ஈயம் செடிக்குள் போகாமல் நிலத்தடி நீருக்கு இறங்கிவிடும் ஆபத்து அதில் உண்டு, எங்கள் கிணறோ வயலின் ஓரத்திலேயே இருக்கிறது. மறுத்ததும் அவர்கள் வற்புறுத்தவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

அறுவடையைக் கையாண்ட விதம் எனக்குப் பெரும் வருத்தம் தந்தது. முதல் ஆண்டு வெட்டிய செடிகள் சாக்குகளில் வயலோரத்திலேயே நெடுநாள் கிடந்தன. மழை பட்டால் உலோகம் மீண்டும் அதே மண்ணுக்குத்தான் திரும்பும். மேய வரும் ஆடுமாடுகள் தின்றாலோ நஞ்சு உணவுச் சங்கிலியில் ஏறிவிடும்.

ஒப்பந்தத்தை இப்போது புதுப்பித்திருக்கிறோம். அறுவடையை ஒரு வாரத்துக்குள் மூடிய வண்டியில் கொண்டுபோய், புகைவடிகட்டி உள்ள உலையில் எரித்து, சாம்பலைப் பாதுகாப்பான கிடங்கில் சேர்க்க வேண்டும் என்றும், ஒவ்வொரு முறையும் உலர்ந்த எடையையும் அதிலுள்ள காட்மிய அளவையும் எழுத்தில் தர வேண்டும் என்றும் அதில் சேர்த்திருக்கிறோம்.